உறைமேல இல்லாத பேரு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணி,

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நீங்க "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுருவீங்க. பக்கத்துல அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி உக்காந்திருப்பாங்க. அண்ணன் டிவி சத்தத்தைக் குறைக்காமலே "யாரு, வாலா?"ன்னு கத்துவான். அதான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பாத்துச் சிரிக்கக் கூடாது.

ஏழாம் மாசம் ஆரம்பிச்சாச்சு. வயிறு முன்னாடி போகுது, நான் பின்னாடி போறேன். டிக்கெட் கவுண்டர்ல நாற்காலியைத் தள்ளிப் போட்டதுல கீபோர்டு கைக்கு எட்ட மாட்டேங்குது. மத்தபடி நல்லா இருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். குழந்தை பொண்ணா இருந்தா உங்க பேருதான். முடிவு பண்ணிட்டேன். சிட்டுன்னு நாங்க கூப்பிடற பேரு இல்லை. உங்க நிஜப் பேரு. லேப் கோட்டுல சட்டைப்பைக்கு மேல குத்தியிருப்பீங்களே, அது.

இவருக்குப் பேரு பிடிச்சிருக்கு. "பழைய பேரு, கம்பீரமா இருக்கு"ன்னார். ஆனா லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எதையும் ஒரு தடவை ஓட்டிப் பாக்காம ஒத்துக்க மாட்டார். புதுசாக் கட்டற ஒரு கட்டடத்துல ஆறாவது மாடியில நின்னு, லிஃப்ட் குழிக்குள்ள தலையை நீட்டி, உங்க பேரை ஒரு கத்து கத்தியிருக்கார். கீழே இருந்த வாட்ச்மேன், "சார், அந்தம்மா நேத்தே வேலையை விட்டு நின்னுட்டாங்க"ன்னு பதில் கொடுத்தாராம். யாரை நினைச்சாரோ! வீட்டுக்கு வந்து, "யார் காதுலயும் ஒரே தடவையில விழாது போலிருக்கே, யோசிச்சுக்கோ"ங்கறார்.

எனக்குத் தெரியாதா? வட்டமா ஓட்டை போட்ட கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஆறு வருஷமா ஊர்ப் பேரையெல்லாம் தப்பாக் கேட்டு டைப் அடிக்கறவ நான். அப்படியும் அந்தப் பேருதான் வேணும். ஏன்னு சொல்றேன்.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். காய்ச்சல் விடவே இல்லை. நீங்க லேப்ல சேர்ந்து ஆறு மாசம். என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பெரிய நாற்காலியில உக்கார வச்சீங்க. கையுறையை மாட்டிக்கிட்டு, யாரோ தெரியாதவங்க மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, "உங்க பேரு சொல்லுங்க"ன்னீங்க. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. காலையில எனக்குத் தலை வாரி விட்டதே நீங்கதானே! "விளையாடாதீங்க அண்ணி"ன்னேன். நீங்க அசையலை. "பேரு, பொறந்த தேதி. நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால நீங்கதான் சொல்லணும்"னீங்க. நான் முழுசாச் சொன்னப்புறம்தான் ஊசியையே தொட்டீங்க.

திரும்பி வரும்போது காரணம் சொன்னீங்க. நாம ஒரு பேரைச் சொல்லி "இதானே?"ன்னு கேட்டா, முடியாம கிடக்கறவங்க எதுக்கும் தலையாட்டிருவாங்க, அப்புறம் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேருல போயிரும், அதனால கேக்கணும், பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு. அன்னைக்கு முடிவு பண்ணேன், பெரியவளானா இவங்க மாதிரி இருக்கணும்னு. ஆகலை. ஆனா என் பொண்ணாவது ஆகட்டுமே.

கல்யாணமாகி வந்தப்ப நீங்க பாதிப் படிப்புல இருந்தீங்க. பகல்ல வீட்டு வேலை, சாயங்காலம் மொட்டை மாடிப் படிக்கட்டுல புத்தகம். யாரும் படிங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. நீங்களா படிச்சு, நீங்களா பாஸ் பண்ணி, இன்னைக்கு அந்த லேபுக்கே தலைமை. ஒரு நாள் கூட யார் மேலயும் கோபப்பட்டு நான் பாத்ததில்லை. அவ்வளவு பொறுமை.

சரின்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.

உங்க நாத்தனார்,
வாலு


பிப்ரவரி 13

வாலு,

உன் கடிதம் வந்தது. உங்கண்ணன் பிரிச்சுப் பாத்துட்டு, "உனக்குத்தான்"னு கொடுத்தார். ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு எழுதலை. ரிப்போர்ட்டை அனுப்பு. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடறியா? போடாதே. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடணும்.

பேரு விஷயம். என் மேல உனக்கு இவ்வளவு பிரியம்னு தெரிஞ்சு சந்தோஷம். ஆனா அந்தப் பேரு வேண்டாம். உன் வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி.

அந்தப் பேரோட இருந்து பாத்தவ சொல்றேன். ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் டீச்சர் பாதியோட நிறுத்திக்குவாங்க, மீதியை நானே மனசுக்குள்ள சொல்லிக்குவேன். ஒரு தடவை மருந்துக் கடைக்குப் போன் பண்ணி என் பேரைச் சொன்னேன். "அது ஸ்டாக் இல்லைம்மா, நாளைக்கு வரும்"னான். பேங்க்லேர்ந்து கூப்பிட்ட பொண்ணு, "சாரைப் பேசச் சொல்லுங்க"ன்னா. நான்தான் பேசறேன்னா நம்பவே இல்லை. ஒரு டாக்டர் பத்து வருஷமா ஒரு எழுத்தை மாத்தித்தான் கூப்பிடறார். நல்ல மனுஷர், அதனால இன்னும் திருத்திக்கிட்டிருக்கேன்.

குழந்தைக்கு எதுக்கு இந்தப் பாடு? ரெண்டு எழுத்துல, மூணு எழுத்துல, கேட்ட உடனே விளங்கற மாதிரி எத்தனை இருக்கு. நல்லதா ஒண்ணு பாத்து வை.

உங்கம்மா முழங்கால் வலின்னு சொல்றாங்க. மாடி ஏறாதீங்கன்னா கேக்கறதில்லை. உங்கண்ணன் கடையில ஆள் குறைவுன்னு லேட்டா வர்றார். எல்லாரும் நல்லா இருக்கோம்.

சிட்டு


பிப்ரவரி 24

என் அருமை அண்ணி,

ஹீமோகுளோபின் பத்து புள்ளி எட்டு. டீயை நிறுத்தியாச்சு. திருப்தியா?

உங்க கடிதத்தை இவருக்குப் படிச்சுக் காட்டினேன். மருந்துக் கடை கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிச்சு முடிச்சுட்டு, "இப்படிப்பட்டவங்க பேரை வைக்காம வேற யார் பேரை வைக்கறது"ன்னு கட்சி மாறிட்டார். லிஃப்ட் குழியெல்லாம் போயே போச்சு.

நீங்க வேண்டாம்னு சொல்றது எனக்குத் தெரிஞ்ச கதைதான் அண்ணி. உங்களுக்குன்னு எதையும் நீங்க எடுத்துக்க மாட்டீங்க. புதுப் புடவை வாங்கினாக் கூட "எனக்கெதுக்கு"ம்பீங்க. அதனால இந்தத் தடவை உங்க பேச்சைக் கேக்கறதா இல்லை. வேலையையும் ஆரம்பிச்சுட்டேன். கூட வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க பூத்தையல் நல்லாப் போடுவாங்க. மஞ்சள் போர்வையில ஓரமா உங்க பேரைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். முதல் மூணு எழுத்து முடிஞ்சாச்சு. அவ்வளவு அழகு!

அப்புறம், ஒரு கூத்து கேளுங்க. நேத்து நீங்க லேப்ல இருக்கறப்ப அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "பொண்ணு பொறந்தா அண்ணி பேரு"ன்னு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம சிட்டு பேரா? தாராளமா வையி"ன்னாங்க. "சிட்டு இல்லம்மா, அவங்க நிஜப் பேரு"ன்னேன். "ஆமா ஆமா, அதான்"னாங்க. அப்புறம் மெதுவா, "ஏண்டி, சிட்டு பேரு என்னடி? நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது"ங்கறாங்க! நான் சிரிச்ச சிரிப்புல வயித்துல குழந்தையே முழிச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த அண்ணனைக் கேட்டாங்க. அவன் சரியாத்தான் சொன்னான். ஆனா அவனும் ஒரு நிமிஷம் யோசிச்சான், அதையும் சொல்லிரணும்.

பாத்தீங்களா, இதுக்காகவே வைக்கணும். வீட்ல ஒரு குழந்தைக்கு அந்தப் பேரு வந்துட்டா எல்லார் வாயிலயும் தன்னால பழகிரும்.

உங்க,
வாலு


மார்ச் 2

நீ சிரிச்ச இடத்துல எனக்குச் சிரிப்பு வரலை.

உன் கடிதத்தை லேப்ல, மதியம், எல்லாரும் போனப்புறம் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் உறையைத் திருப்பிப் பாத்தேன். முதல் கடிதமும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான். மேல உங்கண்ணன் பேரு. கீழே சின்னதா "சிட்டு அண்ணிக்கு". என் பேரை எடுத்துக் குழந்தைக்கு வைக்கணும்னு நாலு பக்கம் எழுதியிருக்கே. அந்த உறையில என் பேரு இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது, ஒன்பது வயசு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கல்யாணமாகி வந்த மறுநாள், ஹால்ல எல்லாரும் உக்காந்திருந்தீங்க. உங்கம்மா சொன்னாங்க, "இவ பேரு வாய்க்குள்ள நுழைய மாட்டேங்குது, காதுலயும் சரியா விழ மாட்டேங்குது. வேற எப்படிக் கூப்பிடலாம்?" என்னைக் கேக்கலை. ஹாலைக் கேட்டாங்க. நீ குதிச்சு எழுந்து, "சிட்டு! சிட்டுக்குருவி மாதிரி சத்தம் கேட்டாத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க"ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மா என் பக்கம் திரும்பி, "சிட்டு. சரிதானேம்மா?"ன்னாங்க.

நான் தலையாட்டினேன். இருபத்திரெண்டு வயசு, புது வீடு, சுத்தி அத்தனை பேரு. அந்த இடத்துல யாரா இருந்தாலும் எதுக்கும் தலையாட்டுவாங்க. அதைத்தான் லேப்ல சேர்ந்த நாள்லேர்ந்து எனக்குக் கீழே வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் கொடுக்கறேன், அப்படிக் கேக்காதீங்க, அவங்க வாயால சொல்ல வைங்கன்னு. உன்கிட்டயும் சொன்னேன். நீயும் பன்னெண்டு வயசுலேர்ந்து ஞாபகம் வச்சிருக்கே. ஆனா உனக்கு அது ரத்தத்துக்கு மட்டும்தான்.

பதினெட்டு வருஷம். தெருவுல சிட்டு அக்கா, கடையில சிட்டம்மா. உங்கண்ணன் கூட, நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்பக் கூட, சிட்டுதான். முதல்ல கஷ்டமா இருந்தது, அப்புறம் பழகிப் போச்சு, அப்புறம் பழகிப் போனதுதான் கஷ்டமா இருந்தது. லேப்ல தப்பாக் கூப்பிடற டாக்டர்கூட எனக்கு ஏன் பிடிக்கும்னு நினைக்கறே? அவர் தப்பாச் சொல்றது என் பேரை.

போன கடிதத்துல நான் எழுதினதெல்லாம் சாக்கு. காதுல தப்பா விழறது ஒரு குறையே இல்லை. தப்பா விழுந்தா "என்ன சொன்னீங்க?"ன்னு திரும்பக் கேப்பாங்க. கேட்டா நான் சொல்வேன். சொல்றது எனக்குப் பிடிக்கும். உங்க வீட்ல யாருக்கும் அது தப்பாக் கூட விழலை.

உன் பொண்ணுக்கு அந்தப் பேரை வச்சா என்ன நடக்கும் தெரியுமா? அந்த வீட்ல முதல் தடவையா அந்தப் பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்க. உங்கம்மா கொஞ்சுவாங்க. உங்கண்ணன் பாட்டாப் பாடுவார். எல்லாரும் தொட்டிலைத் திரும்பிப் பாப்பாங்க. நானும் ஒரு நிமிஷம் என்னையோன்னு திரும்பிட்டு, இல்லைன்னு தெரிஞ்சு, வேலையைப் பாப்பேன். அது உன் பொண்ணு பேரா ஆயிரும். நான் சாகற வரைக்கும் சிட்டு அத்தை. யாராவது எப்பவாவது கேப்பாங்கன்னு வச்சிருந்தேன் வாலு. கொடுக்க முடியாது. எனக்கு அது இன்னும் வேணும்.

நான் பொறுமைசாலின்னு எழுதியிருந்தே. இல்லை. என்னை யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தாதே.


மார்ச் 29

அண்ணி,

இருபத்தேழு நாள் ஆச்சு. எட்டுக் கடிதம் எழுதிக் கிழிச்சேன். ஒவ்வொண்ணுலயும் முதல் வரி "மன்னிச்சிருங்க", ரெண்டாவது வரியிலேர்ந்து எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு என் புராணம். படிச்சுப் பாத்தா எனக்கே வெக்கமா இருந்தது. இதுல அது இல்லை.

எனக்கு ஞாபகம் இருக்கு. இல்லைன்னு நினைச்சுட்டீங்க. குதிச்சது, எல்லாரும் சிரிச்சது, அப்பா என் தலையைத் தட்டினது எல்லாம் இருக்கு. வீட்ல நான் சொன்ன ஒண்ணு முதல் தடவையா எடுபட்டுச்சுன்னு ஒரு வாரம் பெருமையாத் திரிஞ்சேன். உங்க முகம் மட்டும் ஞாபகத்துல இல்லை. எவ்வளவு யோசிச்சும் வரலை. நான் பாக்கவே இல்லை போல.

போன வாரம் ரத்தம் கொடுக்கப் போனேன். இங்க ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்குப் புதுசு. கையில இருக்கற சீட்டுல என் பேரு பெருசா எழுதியிருக்கு. இருந்தாலும் சீட்டைக் கவுத்து வச்சுட்டு, "உங்க பேரு சொல்லுங்க"ன்னா. அழுதுட்டேன். ஊசிக்குப் பயம்னு நினைச்சு, "எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்"னு தட்டிக் கொடுக்கறா. இல்லம்மா, இது எறும்பு இல்லைன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?

போர்வையை வாங்கிட்டு வந்தேன். மூணு எழுத்தோட நின்னிருந்தது. பிரிக்கறதா வேண்டாமான்னு ரெண்டு நாள் மேஜையில கிடந்தது. பிரிக்கலை. மிச்சத்தையும் போட்டு முடிக்கச் சொல்லிட்டேன். அது குழந்தைக்கு இல்லை. உங்களுக்கு. நாப்பது வயசுல மஞ்சள் போர்வையான்னு கேக்காதீங்க. பேரு உங்களோடது, போர்வையும் உங்களோடதுதான்.

இன்னொண்ணும் பண்ணேன். கோபப்படலாம். நேத்து அம்மாகிட்ட பேசினேன். உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டலை, அது நமக்குள்ள. ஹால்ல நடந்ததை மட்டும் சொன்னேன், நான் பண்ணதையும் சேத்து. அம்மாவுக்குக் கோபம்னா அப்படி ஒரு கோபம். "நாங்க என்ன திட்டியா கூப்பிட்டோம்? செல்லமாத்தானே கூப்பிட்டோம்? பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப என்ன?"ன்னு பொரிஞ்சு தள்ளினாங்க. "நீ கேட்டியாம்மா?"ன்னேன். டக்குன்னு வச்சுட்டாங்க. அண்ணனுக்கும் போட்டேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ம்"னு ஒரே எழுத்துச் சொன்னான். உங்களுக்குத் தெரியுமே, அவன் அப்படித்தான்.

பேரு தேடற வேலையை முதல்லேர்ந்து ஆரம்பிச்சாச்சு. உங்களைப் பொறுமைசாலின்னு கொண்டாடினேன், அது தப்பு, விட்டுட்டேன். ஆனா எனக்குப் பன்னெண்டு வயசுல அந்த நாற்காலி முன்னாடி நின்னு, சொந்த நாத்தனார்கிட்டயே பேரைக் கேட்டுக் காத்திருந்தீங்களே, அந்த நிமிர்வு, அதை இப்பவும் கொண்டாடறேன். உங்களுக்குக் கிடைக்காத மரியாதையை வர்றவங்க போறவங்க அத்தனை பேருக்கும் தினமும் கொடுத்திருக்கீங்க. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை அண்ணி.

வாலு


ஏப்ரல் 6

வாலு,

நீ உங்கம்மாகிட்ட பேசினதுக்கு முதல் ரெண்டு நாள் கோபம்தான். என்னைக் கேக்காம பண்ணிட்டியேன்னு. மூணாம் நாள்தான் தோணிச்சு, நான் பதினெட்டு வருஷமா பண்ணாததை ஒருத்தி நிறைமாசத்துல, ஒரே போன்ல பண்ணிட்டாளேன்னு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. உனக்கு இருக்கு.

வீட்ல நடந்த கூத்தைக் கேளு. நீ பேசின அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து யாரும் என்னைக் கூப்பிடலை. சிட்டுன்னு கூப்பிடப் பயம், பேரைச் சொல்லிக் கூப்பிட வெக்கம். "இங்க பாரும்மா." "அங்க யாரு இருக்கா?" உங்கண்ணன் ஒரு படி மேல. சாப்பாட்டு மேஜையில தண்ணி வேணும்னு டம்ளர்ல ஸ்பூனால தட்டினார். "நான் என்ன பஸ்ஸா, மணி அடிச்சா வர்றதுக்கு?"ன்னேன். எழுந்து போய் அவரே பிடிச்சுக்கிட்டார். உங்கம்மா என்கிட்ட முகம் கொடுத்தே பேசலை.

நாலாம் நாள் லேப்ல கூட்டம். அடுத்த டோக்கன்னு குரல் கொடுத்தா, உள்ளே வர்றது உங்கம்மா. முழங்கால் வலியோட, தனியா, பஸ் பிடிச்சு வந்திருக்காங்க. மாசாமாசம் சுகர் டெஸ்டுக்கு வீட்லயே நான்தானே எடுப்பேன்? நேரா வந்து நாற்காலியில உக்காந்து கையை நீட்டினாங்க. பின்னாடி பதினோரு பேர் நிக்கறாங்க.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. தெரிஞ்சதைப் பண்ணேன். கையுறையை மாட்டிக்கிட்டு, "உங்க பேரு சொல்லுங்க"ன்னேன்.

சொன்னாங்க. பொறந்த வருஷம் மட்டும்தான் தெரியும், அதைச் சொன்னாங்க. நான் ஊசியை எடுத்தேன். கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க.

"உன் பேரு? நீயே சொல்லு. உன் வாயாலதான் சொல்லணுமாமே."

நான் சொன்னேன் வாலு. கூட்டத்துல சரியா விழலை. தலையைச் சாய்ச்சு, "என்ன?"ன்னாங்க. மறுபடி சொன்னேன். "கொஞ்சம் நிறுத்தி"ன்னாங்க. நிறுத்திச் சொன்னேன். அவங்க உதடு அசைஞ்சது. முதல் தடவை நடுவுல தப்பு. நான் திருத்தினேன். ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு. எங்கம்மா கூப்பிடற மாதிரியே, கடைசியில கொஞ்சம் இழுத்து.

அப்புறம் கையை நீட்டி, "எடு, வலிக்காம எடு"ன்னாங்க.

எனக்குக் கண்ணுல தண்ணி. கையுறையோட முகத்தைத் தொடக் கூடாது. அதனால அப்படியே வழியட்டும்னு விட்டுட்டு எடுத்தேன். ஒரே குத்துல கிடைச்சது. சுகர் கூடத்தான் இருக்கு, அது தனிச் சண்டை.

உங்கண்ணன் இன்னும் தடுமாறறார். "சி..."ன்னு ஆரம்பிச்சு, நிறுத்தி, தொண்டையைச் செருமி, அப்புறம் முழுப் பேரையும் சொல்றார், பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ஆனா முதல் நாள் அவர் அப்படிக் கூப்பிட்டப்ப நான் அடுப்பை அணைச்சுட்டு, கொஞ்ச நேரம் பதில் சொல்லாம நின்னேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு. கூப்பிட்டார்.

இப்ப உன் பொண்ணு பேரு. முன்னாடி ரெண்டு எழுத்துல வைன்னு சொன்னதை அழிச்சிரு. உனக்குப் பிடிச்ச பழைய பேரா, நல்லா நீட்டி முழக்கி வை. யார் காதுல எப்படி விழுந்தா என்ன? திரும்பக் கேப்பாங்க, அவ நிமிந்து சொல்லிக்குவா. ஒண்ணே ஒண்ணுதான். செல்லப் பேரு வேணும்னா, அவ பேச ஆரம்பிச்சப்புறம் அவளைக் கேட்டுட்டு வையுங்க.

அது வரைக்கும் உன்னைக் கேக்கறேன், கேக்காம விட்டுப் போச்சு. வாலுன்னு கூப்பிடறது உனக்குச் சரியா?

லீவு சொல்லிட்டேன். உங்கம்மாவும் நானும் பதினாலாம் தேதி அங்க இருப்போம். போர்வையை நேர்ல வாங்கிக்கறேன்.

உன் அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணி,

நீங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போனதுலேர்ந்து வீடு வெறிச்சுன்னு இருக்கு. உங்க மருமகளுக்கு நேத்தோட இருபது நாள். மஞ்சள் காமாலை சுத்தமாப் போயிருச்சு. ராத்திரி, பகல் வித்தியாசம்தான் இன்னும் பிடிபடலை.

நேத்துதான் பேரைப் பதிவு பண்ணப் போனோம். நீங்க இங்க இருக்கறப்ப யோசிச்சு வச்ச நாலு பேருல ஒண்ணு நம்ம எல்லாருக்கும் பிடிச்சிருந்ததே, ஸ்கூல்ல படிக்கறப்பவே எனக்கு ஆசைன்னு சொன்னேனே, அதேதான். கவுண்டர்ல இருந்தவர், "எப்படிம்மா? சத்தமாச் சொல்லுங்க"ன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நான் பேரு சொல்றது இதுதான் முதல் தடவை. ஓட்டைக்கு வாயைக் கொண்டு போய் சொன்னேன். "வழக்கமா இப்படி வைக்க மாட்டாங்களே"ன்னார். "நாங்க வைப்போம்"னேன். மூணு தடவை சொல்ல வச்சார். இவர் பின்னாடி நின்னு, "சும்மா சொல்லு, நல்லாத்தான் இருக்கு"ன்னு முதுகைத் தட்டறார். லிஃப்ட் குழியில கத்திப் பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தாராம். வாட்ச்மேன் இந்தத் தடவை, "யாரு சார்?"னு கேட்டாராம்.

கவுண்டர்ல இப்ப நானும் ஒரு பழக்கம் வச்சுக்கப் போறேன், லீவு முடிஞ்சு போனப்புறம். பாதி கேட்டதுமே நானா ஒரு பேரை அடிச்சு "இதானே?"ன்னு கேக்கறதை விட்டுருவேன். வரிசை நீளட்டும்.

என்னைக் கேட்டிருந்தீங்க. நேர்லயும் ரெண்டு தடவை கேட்டீங்க, அழுகையில பதில் சொல்லலை. இப்பச் சொல்றேன். வாலுன்னு என்னைக் கூப்பிடறது நீங்களும் அண்ணனும்தான். எனக்கு அது பிடிக்கும். நிறுத்தினீங்கன்னா சண்டைதான்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதையும் முடிச்சுட்டேன். இந்தக் கடிதத்தை அண்ணன் பிரிச்சிருக்க முடியாது. உறையைப் பாருங்க.

வாலு


மே 14

என் வாலு,

மதியம் சாப்பிட்டு உக்காந்திருந்தோம். வாசல்ல போஸ்ட்மேன். நம்ம பழைய போஸ்ட்மேன்தான், பன்னெண்டு வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றவர். உறையைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் படிச்சு, "சிட்டக்கா, வீட்டு நம்பர் உங்களுதுதான், ஆனா பேரு இப்படி யாரும் இங்க இல்லையே. திருப்பி அனுப்பிரட்டுமா?"ன்னார். படிச்சதிலயும் நடுவுல ஒரு எழுத்தை முழுங்கிட்டார்.

நான் எழுந்திரிக்கறதுக்குள்ள உங்கம்மா வாசலுக்குப் போயிட்டாங்க. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு எப்படித்தான் போனாங்களோ.

"திருப்பி அனுப்பறதா? அது என் மருமக பேரு"ன்னாங்க. முழுசா, ஒரு எழுத்துக் குறையாம சொன்னாங்க. அவர் பேந்தப் பேந்த முழிச்சார். "என்னம்மா சொன்னீங்க? காதுல சரியா விழலை"ன்னார்.

"விழலைன்னா விழற வரைக்கும் கேளுங்க"ன்னு உங்கம்மா மறுபடியும் சொன்னாங்க.

உறையைக் கத்தரி வச்சுப் பதவிசா ஓரத்துல வெட்டினேன், எழுத்து மேல படாம. போர்வை கட்டில்ல இருக்கு. அதுக்கு மேல இதை வச்சிருக்கேன். மருமகளோட ரிப்போர்ட்டை அனுப்பு. நீயும் மாத்திரையை விடாதே.

இப்படிக்கு,
நீ உறைமேல எழுதியிருக்கியே, அவதான்